எவாலியா, ஸ்டைல், டெலிகா: ஒரே தகரம், பல சின்னம்

ஒரகடத்தில் செய்த நிசான் எவாலியாவும் அசோக் லேலண்ட் ஸ்டைலும் ஒரே வண்டி என்பது பலருக்குத் தெரியும். நியூயார்க்கின் மஞ்சள் டாக்சி ஒன்றும் இதற்குப் பங்காளி என்றால்தான் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மூலம், 2009இல் ஜப்பானில் வந்த என்வி200 என்ற வேன். வேனாகப் பிறந்து பிறகு குடும்ப வண்டியானது. அதன் நல்லதும் கெட்டதும் அங்கிருந்தே வருகின்றன.

முதலில் அகலம். 1,695 மி.மீ. ஜப்பானில் சிறிய வண்டி என்ற பதிவு வகைக்குள் நிற்க அகலம் 1,700ஐயும் நீளம் 4,700ஐயும் தாண்டக்கூடாது. நீளம் 4,400தான் என்பதால் அதில் சிக்கல் இல்லை. அகலத்தை மட்டும் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டியிருக்கிறார்கள். நடு வரிசையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள் இடிப்பது இதனால்தான். பறிகொடுத்த இடத்தை உயரத்தில் பிடித்துக்கொண்டார்கள்: ஏறத்தாழ 1,850 மி.மீ.

அடுத்தது தரை. முன்சக்கர இழுவை என்பதால் பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அடியில் கிடையாது. பின்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் கமான் பட்டை. அது படுத்த வாக்கில் இருப்பதால் உள்ளே எதுவும் துருத்தாது. தரை தாழ்வாகவும் தட்டையாகவும் கிடைக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதில் ஏறி இறங்கிப் பார்த்தால் உயரமான எஸ்யூவி பக்கம் திரும்ப மாட்டார்கள். அதற்குக் கொடுத்த விலை: காலி வண்டி பள்ளத்தில் குதிக்கும், ஆறு பேர் ஏறினால் அடங்கும்.

ஜப்பானில் 2011இல் இதற்கே மிட்சுபிஷி சின்னம் குத்தி டெலிகா டி:3 என்று விற்றார்கள். ஐரோப்பிய எவாலியா பார்சலோனாவில் தயாரானது. 2014இல் வந்த மின்சார இ-என்வி200ம் அங்கேதான். அமெரிக்க வண்டிதான் கொஞ்சம் வேறு. வீல்பேஸை, அதாவது முன் பின் சக்கரங்களின் இடைவெளியை, 2,725இலிருந்து சுமார் 200 மி.மீ. நீட்டி, 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியரும் வைத்தார்கள். வெளிநாட்டு சரக்கு வேனுக்கு அங்கே 25 சதவீத வரி என்பதால், வரிச்சலுகை உள்ள மெக்சிகோவின் குவெர்னவாகாவில் செய்தார்கள். நியூயார்க் நகரம் 2011இல் 'நாளைய டாக்சி' என்று தேர்ந்தெடுத்தது இந்தக் குடும்பத்தைத்தான். அமெரிக்காவில் செவ்ரோலே சிட்டி எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்ததில் இரண்டே சீட். சுத்தமான சரக்கு வண்டி.

இந்தோனேசியாவுக்கு 1.5 லிட்டர் பெட்ரோல். நமக்கு 2012 செப்டம்பரில் கே9கே என்ற ரெனோவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் மட்டும், சக்தி 86 பிஎஸ். இங்கேதான் கோட்டை விட்டார்கள். ஸ்லைடிங் டோரில் இருந்த நடு வரிசைக் கண்ணாடி திறக்காது! குழந்தைக்கு வாந்தி வந்தால் கண்ணாடியை இறக்கும் ஊரில், ஏசி இருக்கிறதே என்ற பதில் எடுபடவில்லை. பிறகு தள்ளித் திறக்கும் கண்ணாடியும் தனித்தனி கேப்டன் சீட்டும் சேர்த்தார்கள். அதற்குள் பேர் கெட்டுவிட்டது. 2013 ஜூலையில் வந்த ஸ்டைல், டாக்சிக்காரர்களைக் குறிவைத்தது. எஞ்சின் அதே கே9கே, ஆனால் 75 பிஎஸ், டார்க் (முறுக்கு விசை) 185 என்எம். ஏசி போட்டு எட்டுப் பேருடன் மலை ஏறினால் அந்த 11 பிஎஸ் குறைவு நன்றாகவே தெரியும். 2015இல் ஸ்டைலை நிறுத்திவிட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். டஸ்டர், லாஜி, டெரானோ எல்லாவற்றிலும் இருந்த அதே குடும்ப எஞ்சின். தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். ஆனால் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து ஹெட்டே போகும். வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். அதனால் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். பம்பை விட்டுவிட்டால் அது ஒழுகும் நாளில் கூலி இரண்டாவது முறை. பெல்ட் இணைக்கும் கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளுக்கும் அசையாதபடி லாக் பின் போட்டுத்தான் பெல்ட் ஏற்ற வேண்டும். சாக்பீஸ் குறி போட்டுப் பொருத்துகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்த எஞ்சினின் இன்னொரு பலவீனம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஆயில் மாற்றுவதை இழுத்தடித்த வண்டிகளில் அது தேய்ந்து, அடியிலிருந்து டக் டக் என்று தட்டும். 10,000 கி.மீ.க்கு மேல் தள்ளாதீர்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டினால் மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஸ்லைடிங் கதவை மறக்கக்கூடாது. மேலே, நடுவில், கீழே என மூன்று ரோலர்களில் ஓடுகிறது. கீழ் ரயிலில் மணல் சேர்ந்தால் ரோலர் உருளாமல் தேயும், கதவு பின்பக்கம் தொங்கும். பாதி திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ரோலர் முடிந்தது. ரயிலில் கெட்டி கிரீஸ் பூசுவது தப்பு, மண்ணைப் பிடித்து உப்புத்தாளாகிவிடும். துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே போதும். ரோலர், கதவுக் கண்ணாடி, விளக்கு மூன்றும் கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள். எஞ்சின் சாமான் மாதிரி வேறு வண்டியிலிருந்து இவற்றுக்கு ஈடு கட்ட முடியாது.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவுத் தேதியையும் பாருங்கள். 2012இல் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்கு 2027இல் 15 வருடம் முடிகிறது. எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.