வெட்டுக்காயப் பூண்டு

ரோட்டோரம், தண்டவாளம், காலி மனை என்று எங்கே பார்த்தாலும் இந்தச் செடிதான். தாத்தாப்பூ என்றும் சொல்வார்கள். நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. கொஞ்சம் குனிந்து பாருங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பூக்கள். ஓரத்தில் ஐந்தாறு வெளிர் இதழ்கள் மாதிரித் தெரிபவையும் தனித்தனிப் பூக்களே. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். என்ன ஒரு நுணுக்கம்!

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. ஆனாலும் அரிவாள் பட்ட இடத்தில் இதன் இலையைக் கசக்கிச் சாறு விடுவது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

வெயில் ஏறியதும் சின்னப் பட்டாம்பூச்சிகள் இதையே சுற்றும். வேறு பூ அதிகம் இல்லாத கோடையில் அவற்றுக்கு இதுதான் சோறு. மனையைச் சுத்தம் செய்யும்போது மொத்தமாக மருந்தடித்துவிடாதீர்கள். வேலியோரத்திலாவது கொஞ்சம் விட்டுவையுங்கள்.