குதி பதியாத தடம்

போன ஆவணியில் ஒரு நாள், மைமல் பொழுதில் முள்ளியவளைச் சந்தியால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். குறுக்கே பாய்ந்த மாட்டுக்கு விலத்தப் போய் மோட்டார் சைக்கிளோடு கிறவல் றோட்டில் விழுந்தேன். இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்தலை வெடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, பிளேட்டும் ஸ்குறூவும் வைத்துத் தைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் டொக்டர்மாரின் வேலை. என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "பத்துக் கிழமைக்குக் காலை ஊண்டக்கூடாது." நான் ஊன்றவில்லை. நோவு குறைகிறதே என்று முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்து, காலை மடக்கின வாக்கிலேயே அவ்வளவு நாளும் கிடந்தேன். அந்தத் தலையணைதான் பிழை. வைக்காதேங்கோ என்று அந்த வாட்டில் ஒருவரும் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது. முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டது.

எக்ஸ்றே பார்த்து, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம் என்றார்கள். மாரி மழைக்குள் ஓட்டோ பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த மிஸ் முதலில் என் இடது காலை நிறை பார்க்கிற மெஷினில் வைக்கச் சொன்னார். "முள்ளு பத்துக் கிலோவில நிக்கவேணும் அக்கா. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." என் நிறை 58 கிலோ. பத்துக் கிலோ என்றால் என்ன பாரம் என்று என் காலுக்கு மறந்தே போயிருந்தது. முள்ளைப் பார்த்து ஊன்றி, பிறகு கண்ணை மூடி ஊன்றி, கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஐந்தில் நிற்கும், அல்லது இருபதுக்குப் போயிருக்கும். அது சரிவரவே இரண்டு கிழமை எடுத்தது.

நான் தையல்காரி. மெஷின் மிதிக்கவேணும், கக்கூசில் குந்தவேணும். அதனால் வீட்டில் மடக்கி மடக்கித்தான் பழகினேன். 90 பாகை தாண்டிவிட்டது என்று மிஸ்ஸுக்குக் காட்டினேன். அவர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலுக்கும் கட்டிலுக்கும் இடையில் கையை விட்டார். உள்ளங்கை முழுதாகப் போய்வந்தது.

"மடக்கிறது மெல்ல வரும் அக்கா. முதல் இது நீளவேணும். நீளாட்டி இந்தக் கால் மற்றக் காலை விடக் கட்டைதான். ஆயுளுக்கும் கெந்துவீங்கள்."

தலையணையை அன்றைக்கே எறிந்தேன். துவாயைச் சுருட்டிக் குதிக்குக் கீழே வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கித் தொங்கவிடவேணும். ஒரு தரத்துக்குப் பத்து நிமிஷம். நோவில் கண்ணால் தண்ணீர் வரும். பிறகு தொடையை இறுக்கி முழங்காலைக் கட்டிலோடு அமத்தி, ஐந்து எண்ணும்வரை பிடிக்கவேணும். முதல் நாள் தசை அசையவே இல்லை. மிஸ் என் விரலைப் பிடித்து முழங்கால் சிரட்டைக்கு மேலே வைத்து, "இதிலதான் இறுகவேணும், தேடுங்கோ" என்றார். மூன்றாம் நாள் விரலுக்குக் கீழே மெல்ல ஒன்று துடித்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் தையல் நாடாவால் தொடையை அளப்பேன். தொடங்கும்போது இடது தொடை இரண்டு இஞ்சி குறைவு.

இதையும் சொல்லவேணும். கைத்தடியை நொந்த காலின் பக்கம் பிடிக்கக்கூடாது, மற்றக் கையில் பிடிக்கவேணும். படி ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நொந்த கால் முதல். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி நொந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. இரத்தம் கட்டியாகி இருக்கலாம்.

தை பிறந்து மழை விட்டது. தடியோடு முற்றத்தில் நடந்தேன், நன்றாகத்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. பக்கத்து வளவு அண்ணைக்கு 2009இல் வலது கால் போனது, பொய்க்கால். வேலிக்கரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நிலத்தைத் திரும்பிப் பாருங்கோ."

அம்மா விடியவே கூட்டிவிட்ட ஈர மணல். வலது காலின் குதியும் விரல்களும் முழுதாகப் பதிந்திருந்தன. இடது காலுக்கு விரல்கள் மட்டும் ஆழம். குதி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் மணல் இழுபட்ட கோடு. "எனக்கும் உப்பிடித்தான் கிடந்தது. கண்ணாடியில்லாத இடத்தில மணலைத்தான் பாக்கவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் அம்மா கூட்டி முடிய நான் இறங்குவேன். குதி, பாதம், பெருவிரல் என்று வாய்விட்டுச் சொல்லி வைப்பேன். பத்து எட்டு வைத்துத் திரும்பிப் பார்ப்பேன். மாசிக் கடைசியில் குதியின் விளிம்பு தெரிந்தது. பங்குனியில் கோடு மறைந்தது. நாடாவில் அரை இஞ்சிதான் மிச்சம்.

குந்த இன்னும் ஏலாது, கொமட் கதிரைதான். நெல்லு வயல் வரம்பில் நடக்கப் பயம் விடவில்லை.

போன கிழமை அம்மா விளக்குமாறோடு நின்று, "விடிய வெள்ளன ஆர் வந்தது?" என்று கேட்டா. நான்தான் கோழிக்கு அரிசி போட இறங்கினனான்.