டிஸ்க் மாட்டியது ஒரு நாள், சக்கரம் சுற்ற வைத்தது மூன்று வாரம்

"கிட்டில் எல்லாமே இருக்கு, பழைய மாஸ்டர் சிலிண்டரே போதும்" என்றார் விற்றவர். என் பழைய காரின் முன் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்ட அந்தப் பேச்சை நம்பித்தான் இறங்கினேன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவதுதான் மாஸ்டர் சிலிண்டர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹப், டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் எல்லாம் ஒரே நாளில் ஏறிவிட்டன. ரிம்தான் காலிப்பரில் இடித்தது. ஒரு இன்ச் பெரிய ரிம் தேடி அலைய வேண்டியதாயிற்று. கிட் வாங்கும் முன்பே ரிம்மின் உள்பக்கத்தை அளந்துவிடுங்கள்.

அப்புறம் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும் வேலை. இரண்டு நாள் மிதித்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. இடது காலிப்பரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டியிருந்தேன்! காற்றைத் திறந்துவிடும் நிப்பிள் கீழே பார்த்தபடி இருந்தால் மேலே தங்கும் காற்று எப்படி வெளியேறும்? மாற்றி மாட்டியதும் பெடல் கெட்டியாக நின்றது.

ஓட்டிப் பார்த்தால் வண்டி இழுக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே முன் சக்கரங்களில் கருகல் வாசனை. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் சக்கரம் அசையவில்லை. காலிப்பர் ஜாம் என்று நினைத்து இரண்டையும் பிரித்தேன். வீண் வேலை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப்பின் நட்டைச் சற்றுத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே விடுபட்டது. அழுத்தம் அங்கேதான் அடைபட்டிருந்தது. பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடில் இடைவெளி சரியாக இருந்ததால் மிச்சம் ஒரே சந்தேகம், உள்ளே இருக்கும் ரெசிடுவல் வால்வு.

டிரம் பிரேக்குக்கு லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரோடு ஒட்டி நிற்கவும், காற்று புகாமல் இருக்கவும் அது வேண்டும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் சீல் மட்டும்தான். அந்த அழுத்தத்தை எதிர்த்து அதால் ஒன்றும் செய்ய முடியாது.

வால்வைப் பிடுங்கி எறியவும் வழியில்லை, பின் சக்கரங்கள் இன்னும் டிரம்தானே. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள, டிஸ்க்-டிரம்முக்கென்றே வரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வாங்கினேன். ஒரு பக்கம் பைப் உடைந்தாலும் மறுபக்கம் பிடிக்கும் என்பது கூடுதல் நிம்மதி. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாததால் பெடலை முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டிஸ்க்குக்கு டிரம் போலத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது. அடுத்து பூஸ்டர்தான்.

நேற்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஜாக்கி போட்டேன். விரலால் தள்ளினேன், சக்கரம் இரண்டு சுற்று சுற்றி மெதுவாக நின்றது.