இதய எம்.ஆர்.ஐ. சீக்வென்ஸ்: பெயரை விடுங்கள், இரத்தத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு கதிரியல் சோதனைக்குப் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. இயந்திரம் படம் எடுக்கும் முறையைத்தான் சீக்வென்ஸ் என்கிறோம், கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறும். சீமென்ஸின் ட்ரூஃபிஸ்ப், ஜீ.ஈ.யின் ஃபியஸ்டா, பிலிப்ஸின் பேலன்ஸ்ட் எஃப்.எஃப்.ஈ. மூன்றும் அடிப்படையில் ஒரே சாமான்தான். மூன்று பாடமாகப் பாடமாக்க வேண்டாம். எந்த சீக்வென்ஸை எடுத்தாலும் கொப்பியில் முதலில் எழுத வேண்டிய கேள்வி: இதில் இரத்தம் வெள்ளையா கறுப்பா, ஏன்?

மேலே சொன்ன மூன்றும் பேலன்ஸ்ட் வகை, இதில் இரத்தம் வெள்ளை. டி1, டி2 என்பவை திசுவின் காந்தம் பழைய நிலைக்கு மீளும் நேரமும் அதன் சிக்னல் மங்கும் நேரமும். டி2/டி1 விகிதம் இரத்தத்துக்கு அதிகம், தசைக்குக் குறைவு. அதனால் உள்சுவரின் விளிம்பு கத்தி வெட்டினதுபோல் தெரியும். சினி, அதாவது இதயம் துடிப்பதைக் காட்டும் அசையும் படம், எடுக்க இதைத்தான் முதலில் தேடுவார்கள். பழைய முறையான ஃபிளாஷிலும் இரத்தம் வெள்ளைதான், ஆனால் காரணம் வேறு: ஸ்லைஸுக்குள் (படம் எடுக்கும் மெல்லிய குறுக்குத் துண்டுக்குள்) புதிதாக ஓடிவரும் இரத்தம். நீள அச்சுப் படத்தில் இரத்தம் ஸ்லைஸின் தளத்திலேயே ஓடுவதால் வெளிச்சம் மங்கிவிடும். கல்லடியில் மாலையில் கூடிப் படித்தபோது இரண்டையும் லெப்டொப்பில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தோம். அதற்குப் பிறகு இந்த வித்தியாசத்தை ஒருவரும் மறக்கவில்லை.

சரி, அப்படியென்றால் ஃபிளாஷ் எதற்கு? வைவாவில் (வாய்மொழிச் சோதனையில்) கட்டாயம் கேட்பார்கள். பேலன்ஸ்ட் வகை காந்தப்புலம் சீராக இல்லாவிட்டால் கறுப்புப் பட்டை போடும். 1.5 டெஸ்லாவைவிட 3 டெஸ்லாவில் தொல்லை கூட. நெஞ்சில் சத்திரசிகிச்சைக் கம்பி இருந்தால் பக்கத்துத் தசையே காணாமல் போகும். அங்கே ஃபிளாஷ்தான் கைகொடுக்கும்.

கறுப்பு இரத்தப் படத்தில் இரண்டு 180 பாகைப் பல்ஸ் (ரேடியோ அலைத் துடிப்பு). முதலாவது எல்லாவற்றின் காந்தத்தையும் கவிழ்க்கும், இரண்டாவது ஸ்லைஸை மட்டும் நிமிர்த்தும். வெளியிலிருந்து கவிழ்ந்தபடி வரும் இரத்தத்தின் சிக்னல் பூச்சியத்தைத் தொடும் நேரத்தில் படம் எடுக்கிறோம். இதயத்தின் நுனியில் இரத்தம் மெதுவாக நகர்ந்தால் கறுக்காது. அதை வீக்கம் என்று எழுதிவிடாதீர்கள். காடோலினியம் என்ற கொன்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றினால் இரத்தத்தின் டி1 குறைந்து கணக்குக் குழம்பும், ஆகவே இதை ஏற்றுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவது வழக்கம்.

தழும்பைக் காட்டும் தாமத காடோலினியம் படத்துக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். மருந்து ஏற்றி 10 நிமிடத்துக்குப் பிறகு எடுப்பது. நல்ல தசை கறுப்பாகும் டி.ஐ.யைத் (கவிழ்க்கும் பல்ஸுக்கும் படம் எடுப்பதற்கும் இடையிலான நேரத்தை) தேட வேண்டும், 1.5 டெஸ்லாவில் பெரும்பாலும் 250 முதல் 350 மில்லி செக்கன் வரை வரும். மருந்து கழுவப்படக் கழுவப்பட அந்த டி.ஐ. கூடிக்கொண்டே போகும். முதல் ஸ்லைஸுக்குச் சரியாக இருந்தது கடைசி ஸ்லைஸில் தசையைச் சாம்பல் ஆக்கிவிடும். அப்போது தழும்பு எது, தசை எது என்று பிரிக்க முடியாது. சிக்னலின் பிளஸ், மைனஸையும் கணக்கில் எடுக்கும் பி.எஸ்.ஐ.ஆர். முறை இந்தப் பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

டி2 ஸ்டாரை (காந்தப்புலச் சீரின்மையும் சேர்ந்து சிக்னல் மங்கும் நேரத்தை) ஒரு வரியில் வைத்திருங்கள்: 1.5 டெஸ்லாவில் இதயத் தசையில் 20 மில்லி செக்கனுக்குக் குறைந்தால் இரும்புப் படிவு. தலசீமியா நோயாளிகளுக்கு இரத்தம் ஏற்றும் நம் நாட்டில் இது கேட்கப்படக்கூடிய கேள்விதான்.