கோத்தகிரி மழையில் கோரா

இரண்டு நாளாகக் கோத்தகிரியில் மழை விடவில்லை. நேற்று இரவு கரண்ட் போனதும், போனில் இருந்த கோரா இசையைப் போட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் 21 தந்திக் கருவி அது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்திச் செய்கிறார்கள். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் மீட்டுவதற்கு! ஆனால் கேட்டால் மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல இருக்கும்.

13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் வரலாறு, கோராவும் வாசிக்கிற பாணர் குடும்பங்களின் வாய்வழியாகத் தலைமுறைகள் தாண்டி வந்திருக்கிறது. அம்மா இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நம்ம கோத்தருங்க திருவிழாவுல வாசிக்கிற குழலும் மேளமும் ஞாபகம் வருது."

எனக்கும் அதுதான் வந்தது. ஊர்ப் பெயரிலேயே இருக்கிற நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் இசையை நான் இன்னும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. அடுத்த திருவிழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.