முருகனைக் கூப்பிடாமல் எழுந்திருப்பது எப்படி?

கிரகப்பிரவேச வீடுகளில் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஹோமம் முடிகிறவரை ஜமக்காளத்தில் சம்மணம் போட்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் எழுந்து வந்து ஆரத்தி ஒத்திக்கோங்கோ" என்பார் சாஸ்திரிகள். பொடிசுகள் அவர் வாயை மூடுவதற்குள் நிற்கும். தினமும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிப் பழகிய பாட்டி ஒரு கையை ஊன்றி, சத்தமே இல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டிருப்பார். பாக்கி இருப்பது நடுவயசுக் கோஷ்டி. "முருகா!", "யம்மாடி!", "ஸ்ஸ்ஸப்பா!" என்று மூன்று திசையிலிருந்தும் சத்தம் வரும். ஒருவர் பக்கத்து மாமாவின் தோளைப் பிடிப்பார். மாமா ஏற்கெனவே வேறொருவர் தோளில் தொங்கிக்கொண்டிருப்பார். இன்னொருவர் சுவரைப் பிடிக்க, நேற்றுதான் பெயின்ட் அடித்த சுவரில் குங்குமக் கை ஒன்று பதியும். வீட்டுக்காரரின் முகத்தை அப்போது பார்க்கக் கூடாது. புத்திசாலி ஒருவர் மட்டும் எழாமல் செல்போனைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் நகர்ந்த பிறகு, சாட்சி இல்லாத நேரத்தில் எழுவதற்காக.

காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "மூட்டு தேஞ்சு போச்சு சார்." பாவம் மூட்டு. பல பேருக்குத் தேய்ந்தது தொடையும் புட்டமும்தான். முப்பது வயதுக்கு மேல், சும்மா இருந்தால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறையும். சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள்தான் முதலில் கழன்றுகொள்பவை. தரையிலிருந்து எழத் தேவைப்படுவதும் அவைதான்.

"நான் தினமும் வாக்கிங் போறேனே?" நல்லது, தொடருங்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது தேவை. ஆனால் பூங்காவில் எட்டு போட்டு நடந்தாலும் சரி, நேராக நடந்தாலும் சரி, சமதரையில் முழங்கால் கொஞ்சம்தான் மடங்குகிறது. ஆழமாக மடங்கிய காலை நிமிர்த்தும் வேலை தசைக்கு வருவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் வரியோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டது நம் ஊர்.

முதலில் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஒட்டாமல் போட்டால் டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். பிறகு நீங்கள் அளப்பது இடுப்பெலும்பின் பலத்தை. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் அது சராசரிக்கும் குறைவு. 45 வயதில் அந்த எண்ணிக்கையில் மூச்சு வாங்கினால் சுவர் பெயின்ட்டுக்கு ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பரிசோதனையே மருந்தும்கூட. நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றே பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பாதம் முழுவதையும் அழுத்தி எழ வேண்டும். சாயாமல் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. உடம்பின் எடை பின்னாலேயே நின்றுவிடுகிறது, பழி முட்டிக்குப் போகிறது. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். தம் கட்டினால் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும்.

உட்காரும்போதுதான் பெரிய ஊழல் நடக்கிறது. எழுவதற்கு அவ்வளவு பாடுபட்டவர், இறங்கும்போது தொப்பென்று விழுந்து "ஒண்ணு" என்று எண்ணுவார். உடம்பைத் தாங்கிக்கொண்டே நீளும் தசைதான் நன்றாக வலுவடையும். அதனால் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். நாற்காலி சத்தம் போட்டால் அந்தத் தடவை கணக்கில் கிடையாது. எட்டிலிருந்து பத்து முறை ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம் இடைவெளி விட்டு இன்னொரு சுற்று. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்தால் சீக்கிரம் பலம் வரும் என்ற ஆசை வேண்டாம், தசை தேறுவது ஓய்வு நாளில்தான். இரண்டு சுற்றிலும் 12 சுலபமாக வந்தால் மார்போடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஐந்து கிலோ. நாற்காலியிலிருந்து உயரம் குறைந்த முக்காலிக்கு இறங்குவது அடுத்த கட்டம்.

முதல் வாரத்தில் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது பழைய முருகனே திரும்ப வருவார். அது இரண்டு மூன்று நாளில் போகும் சதை வலி. முழங்காலுக்குள் குத்துகிற வலி, வீக்கம், கால் மடங்கி நழுவுவது இவையெல்லாம் வேறு. அப்படியானால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். லேசான உறுத்தல் மட்டும் என்றால் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிலருக்குத் தொடை பலமாக இருந்தும் குந்தினால் குதிகால் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் சாய்வார்கள். அங்கே குற்றவாளி கணுக்கால். சுவரிலிருந்து பெருவிரல் 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி, காலுக்கு மூன்று முறை. இதைத் தினமும் செய்யலாம். பல் தேய்க்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு தரை. சம்மணத்திலிருந்து நேரே எழுவது கடைசிப் பரீட்சை, முதல் நாளே அதற்குப் போகக் கூடாது. ஒருபக்கமாகத் திரும்பி, இரண்டு கையும் ஊன்றி மண்டியிடுங்கள். ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள். அந்தத் தொடையில் கை வைத்து எழுங்கள். கட்டில் ஓரமாகச் செய்தால் பிடிமானம் இருக்கும். இறங்கும்போது இதே வழியைத் தலைகீழாக. பக்கத்துக்கு மூன்று முறை போதும். வாரங்கள் போகப் போக முதலில் கட்டிலை விடுங்கள், பிறகு தொடையிலிருந்து கையை எடுங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும், எழுந்தால் தலைசுற்றுகிறவர்களும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இவ்வளவு செய்துவிட்டு மூன்று வேளையும் சோறும் ரசமும் என்றால் தசை எதைக்கொண்டு வளரும்? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. 70 கிலோ ஆளுக்குச் சுமார் 58 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9, அதே அளவு மீனில் 20-ஐ ஒட்டி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சாம்பாரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கரண்டி விட்டுத் துழாவினால்தான் பருப்பு தட்டுப்படும் என்றால் சேர்க்க வேண்டாம்.