அந்தப் பக்கத்தைத் தேடி யார் வருவார்கள்?

மிக்ஜாம் புயல் சமயத்தில் எங்கள் செய்தித் தளத்தின் லைவ் டெஸ்கில் நடந்த ஒரு சின்ன வாக்குவாதம்தான். ஆனாலும் மழைக்காலம் வந்தால் அது மனதில் திரும்ப ஓட ஆரம்பித்துவிடுகிறது.

2023 டிசம்பர் 4. சென்னை விமான நிலையத்தை மூடியாகிவிட்டது. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரன்ட் இல்லை, சிக்னலும் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வாசகர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். படம், வீடியோ, விளம்பரம் எதுவும் இல்லாமல், நேரம் போட்டு வெறும் எழுத்தாக ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டேன். 2017இல் இர்மா புயலின்போது அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான சிஎன்என்னும் என்பிஆரும் எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்குத்தான் ஜனங்களை அனுப்பின என்றும் சொன்னேன்.

ஆப் டீமைப் பார்த்துக்கொள்ளும் பெண் போனில் சொன்னது இது: “பக்கம் நல்லாத்தான் இருக்கும் அண்ணா. ஆனா அதைத் தேடி யார் வருவாங்க? தண்ணி ஏறுறது தெரியாம தூங்குறவங்களை நோட்டிஃபிகேஷன்தான் எழுப்பும்.”

“சிக்னல் இருந்தா எழுப்பும்” என்றேன். அப்போது அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

பக்கம் தயாரானது. இணையப் பக்கங்களில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். அப்படியும் ஒரு முழு நாளின் செய்திகள் ஒரு சுமாரான போட்டோ அளவுக்குக்கூட வரவில்லை. எங்கள் தளத்தின் அலங்கார ஃபான்ட்டைத் தூக்கிவிட்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவையே விட்டுவிட்டோம். தானாக ரிஃப்ரெஷ் ஆகும் வசதி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். ரிஃப்ரெஷ் ஆகும் நேரத்தில் சிக்னல் போனால், படித்துக்கொண்டிருந்ததும் போய் வெறும் எரர்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, கடைசியாக எப்போது மாற்றினோம் என்பதை மேலே பெரிதாகப் போட்டோம். இந்த ஒரு முடிவில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மறுநாள், சிக்னல் திரும்பியவர்களின் போனில் ஆப் நோட்டிஃபிகேஷன்கள் மொத்தமாக வந்து கொட்டின. ஆண்ட்ராய்டு போன்களுக்குச் செய்தி தள்ளும் ஃபயர்பேஸில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், போய்ச் சேராத செய்தியை நான்கு வாரம் வரை வைத்திருந்து சேர்க்கப் பார்க்கும். செம்பரம்பாக்கம் ஏரியில் கூடுதலாகத் தண்ணீர் திறக்கிறார்கள் என்ற முந்தைய நாள் செய்தி, இப்போதுதான் நடப்பதுபோல் டிங் என்று விழுந்தது. பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்தவர்கள் உண்டு. பார்த்தாயா என்று கேட்க நாக்கு துடித்தது.

கேட்கவில்லை. அதே மறுநாள் என் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ மேலே இருந்த நேரத்தை வெட்டிவிட்டு வரிகளை மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதுவும் அதே செம்பரம்பாக்கம் வரிதான். ஆப் செய்த குழப்பத்தையாவது சர்வரில் காலக்கெடு எண்ணை மாற்றிச் சரிசெய்யலாம். இதை என்ன செய்வது?

அது பக்கத்தின் குற்றமா, ஃபார்வர்ட் செய்தவரின் குற்றமா என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஃபார்வர்ட் செய்ததால்தான் அந்தப் பக்கம் அத்தனை பேருக்குப் போனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். லிங்க்கை நாங்களே வாட்ஸ்அப்பில்தான் விட்டோம். அதாவது, தேடி யாரும் வரவில்லை; அவள் சொன்னது அந்த அளவில் சரி. வந்தவர்களுக்கு அது திறந்தது. நான் சொன்னதும் அந்த அளவில் சரி. தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அலுவலகத்தில் எளிய பக்கத்துக்காக இத்தனை வாதாடுகிற நான், வீட்டில் இரவு போனைச் சைலன்டில் போடாமல் வைத்திருப்பது நோட்டிஃபிகேஷனுக்காகத்தான்.

வெள்ளச் செய்திகள் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும்படி அவள் மாற்றிவிட்டாள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதியும் மணியும் வருகிற மாதிரி நானும் மாற்றிவிட்டேன், இனி வெட்டினாலும் நேரம் கூடவே போகும். பக்கத்தை நிரந்தரமாக வைக்கத்தான் இன்னும் அனுமதி வரவில்லை. விளம்பரம் இல்லாத பக்கம் வெயில் காலத்தில் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.